முழு அடுக்கு வலைச் செயலிக்கு ஜாங்கோ

ஜாங்கோ, பைத்தான் மொழியில் எழுதப்பட்ட திறந்த மூல வலை ஃபிரேம்வொர்க். வலைச் செயலி ஒன்றுக்குப் பயனர் பார்க்கும் பக்கத்திலிருந்து தரவுத்தளம் வரை தேவைப்படும் பெரும்பாலான உறுப்புகளை அது ஒரே தொகுப்பில் தருகிறது. முகவரியை உரிய நிரலுக்கு அனுப்புவது, தரவுத்தளத்தில் எழுதுவது, படிவத்தைச் சரிபார்ப்பது, பயனரை உள்நுழைய விடுவது, பக்கத்தை உருவாக்குவது, மொழிபெயர்ப்பது, சோதிப்பது எல்லாம் அதில் அடங்கும். இவற்றுக்குத் தனித்தனி நூலகங்களைத் தேடிச் சேர்க்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் வேறொருவர் எழுதியது, வேறொரு வேகத்தில் மாறுவது. அவற்றைப் பொருத்திவைப்பதும், ஒன்று மாறும்போது மற்றதை ஒத்துப்போகச் செய்வதும் முடிவில்லாத வேலை. இரண்டு மூன்று பேர் மட்டுமே உள்ள குழுவின் நேரத்தை அதிகம் தின்பது இந்த வேலைதான். ஜாங்கோவின் முதல் ஆதாயம் அந்தச் சுமையைக் குறைப்பது.

இந்தக் குணம் அதன் பிறப்பிலிருந்தே வந்தது. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரிலிருந்து வெளிவரும் 'லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்ட்' செய்தித்தாளின் இணையப் பிரிவில், 2003-இல் ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் இதை எழுதத் தொடங்கினர். செய்தி அறையில் ஒரு புதிய பகுதி வேண்டுமென்றால் சில நாட்களில், சில நேரம் சில மணி நேரத்தில், தளத்தில் ஏறியாக வேண்டும். அதில் தகவலை நிரப்புபவர்கள் நிரலாளர்கள் அல்லர். நிருபர்களும் உதவி ஆசிரியர்களும்தான். வேகமாகக் கட்டுவது, கட்டியதை நிரல் தெரியாதவர் கையில் கொடுப்பது என்ற இரண்டு தேவைகளும் சேர்ந்துதான் ஜாங்கோவின் அமைப்பைத் தீர்மானித்தன. 2005 ஜூலையில் பிஎஸ்டி உரிமத்தின்கீழ் அது பொதுவில் வெளியிடப்பட்டது. 2008 முதல் ஜாங்கோ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு அதைப் பேணிவருகிறது. ஒரு தனி நிறுவனத்தின் வணிகத் திட்டம் மாறினால் கைவிடப்படும் நிலையில் அது இல்லை என்பது, பல ஆண்டுகள் ஓட வேண்டிய திட்டங்களுக்குச் சிறிய விஷயமல்ல.

ஒரே வரையறை, பல பயன்கள்

ஜாங்கோவின் மையம் மாடல். தரவு எப்படிப்பட்டது என்பதைப் பைத்தான் வகுப்பாக ஒருமுறை எழுதிவிட்டால், மற்றவை அதிலிருந்து கிளைக்கின்றன. ஓர் ஊர் நூலகத்துக்குக் கடன் பதிவேடு கட்டுவதாகக் கொள்ளலாம். புத்தகம், ஆசிரியர், உறுப்பினர், கடன் என நான்கு மாடல்கள் போதும். புத்தகத்துக்குத் தலைப்பு கட்டாயம், பதிப்பாண்டு எண்ணாக இருக்க வேண்டும், ஒரே உறுப்பினர் எண் இருவருக்கு இருக்கக் கூடாது என்ற விதிகள் மாடலிலேயே எழுதப்படும். அதே வரையறையைக் கொண்டு ஜாங்கோ தரவுத்தள அட்டவணையை உருவாக்கும். நுழைவுப் படிவத்தை உருவாக்கும். தவறாக நிரப்பினால் எந்தப் பெட்டியில் என்ன தவறு என்று சொல்லும். நிர்வாகப் பக்கத்தையும் உருவாக்கும்.

ஒரு விதி மூன்று இடங்களில் எழுதப்பட்டிருந்தால், ஓராண்டு கழித்து அதை மாற்றுபவர் இரண்டு இடங்களில் மாற்றிவிட்டு மூன்றாவதை மறந்துவிடுவார். வலைச் செயலிகளில் பிழை புகும் வழக்கமான வழி இது. விதி ஓரிடத்தில் இருந்தால் அந்த வழி பெருமளவு அடைபடுகிறது. ஜாங்கோவைத் தேர்வதற்கான காரணங்களில், வேகத்தைவிடவும் இதற்கே அதிக எடை தர வேண்டும். வேகம் முதல் மாதத்தில் உதவும். இது மூன்றாம் ஆண்டிலும் உதவும்.

நிர்வாகப் பக்கம்

ஜாங்கோவைப் பிற ஃபிரேம்வொர்க்குகளிலிருந்து பிரித்துக் காட்டுவது, கூடவே வரும் நிர்வாகப் பக்கம். மாடலைப் பதிவுசெய்ய ஓரிரு வரிகள் போதும். நூலக உதாரணத்தில், நூலகர் உள்நுழைந்து புத்தகங்களைச் சேர்க்கலாம், திருத்தலாம், ஆண்டுவாரியாக வடிகட்டலாம், ஆசிரியர் பெயரால் தேடலாம். இன்னும் சில வரிகள் சேர்த்தால், கடன் வாங்கியவர் பெயரும் திருப்ப வேண்டிய நாளும் பட்டியலிலேயே தெரியும். தேர்ந்தெடுத்த இருபது பதிவுகளை ஒரே சொடுக்கில் 'திரும்பியது' என்று குறிக்கலாம். யார் எதை எப்போது மாற்றினார் என்ற வரலாறும் பதிவாகும். சேர்த்தல், மாற்றுதல், நீக்குதல், பார்த்தல் என நான்கு அனுமதிகள் மாடல்தோறும் உண்டு. பகுதிநேர ஊழியருக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுப்பது ஒரு நிமிட வேலை.

இதன் உண்மையான பயன், தளம் முழுமையாகும் முன்பே தரவை நிரப்பத் தொடங்கலாம் என்பது. முகப்புப் பக்கத்தின் வண்ணம்கூட முடிவாகாத நிலையில் நூலகர் தலைப்புகளை ஏற்றிக்கொண்டிருக்கலாம். ஏற்றும்போதுதான் மாடலில் உள்ள குறைகள் வெளிப்படும். ஒரு நூலுக்கு இரண்டு ஆசிரியர்கள் இருப்பார்கள். மொழிபெயர்ப்பாளர் பெயருக்கு இடமே இருக்காது. இவை முதல் வாரத்தில் தெரிந்தால் திருத்தம் எளிது.

ஆனால் இந்தப் பக்கம் நம்பகமான ஊழியர்களுக்கு உரியது. பொதுமக்கள் புழங்கும் பகுதியாக அதை வளைக்க முயல்வது பலரும் செய்வது, வருந்துவது. உறுப்பினர் தம் கடன்களைப் பார்க்கும் பக்கம் தனியாக எழுதப்பட வேண்டும்.

தரவுத்தளமும் மைக்ரேஷனும்

மாடல்களைத் தரவுத்தள அட்டவணைகளோடு இணைக்கும் பகுதியான ஓஆர்எம், எஸ்க்யூஎல் எழுதாமலே தரவுத்தளத்தைக் கேள்வி கேட்க வழி தருகிறது. போஸ்ட்கிரெஸ், மரியாடிபி, மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள், எஸ்க்யூலைட் ஆகிய ஐந்தையும் அது இயல்பாகவே அறியும். மேம்பாட்டாளரின் கணினியிலும் போஸ்ட்கிரெஸ், சர்வரிலும் போஸ்ட்கிரெஸ் என்று ஒன்றையே வைத்துக்கொள்வது நல்லது. எஸ்க்யூலைட்டில் ஓடியது மற்றொன்றில் அப்படியே ஓடும் என்று நம்புவதற்கில்லை.

கேள்வியைப் பைத்தானில் எழுதினாலும் பின்னால் நடப்பதை அறிந்திருப்பது கட்டாயம். நூறு புத்தகங்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றின் அருகிலும் ஆசிரியர் பெயரைக் காட்டும் பக்கம், கவனமின்றி எழுதினால் தரவுத்தளத்திடம் 101 கேள்விகள் கேட்கும்: பட்டியலுக்கு ஒன்று, ஆசிரியர்களுக்கு நூறு. புத்தகத்துக்கு ஓர் ஆசிரியர் என்றால் 'செலக்ட் ரிலேட்டட்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் ஒரே கேள்வியாகும். பல ஆசிரியர்கள் என்றால் 'ப்ரீஃபெட்ச் ரிலேட்டட்' அதை இரண்டாக்கும். ஜாங்கோ மெதுவானது என்ற குறை எழும் இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஒரே நேரத்தில் இருவர் ஒரே பதிவை மாற்றுவதற்கும் தீர்வு உண்டு. கடைசிப் பிரதியை இருவருக்கும் கடன் கொடுத்துவிடாமல் இருக்க, அந்தப் பதிவைப் பரிவர்த்தனை முடியும்வரை பூட்டிவைக்கச் சொல்லலாம். பணம், இருப்பு, இட முன்பதிவு ஆகியவற்றைத் தொடும் எந்தச் செயலிக்கும் இது இன்றியமையாதது.

நாள்பட ஓடும் செயலியில் அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும். உறுப்பினருக்குக் கைபேசி எண் சேர்க்க வேண்டும் என்று ஆறு மாதம் கழித்துத் தோன்றும். மாடலில் ஒரு வரி சேர்த்து, 'மேக்மைக்ரேஷன்ஸ்' கட்டளை கொடுத்தால், பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஜாங்கோவே கணக்கிட்டு ஒரு மைக்ரேஷன் கோப்பாக எழுதும். 'மைக்ரேட்' கட்டளை அதைத் தரவுத்தளத்தில் நிறைவேற்றும். அந்தக் கோப்பு நிரலோடு சேர்ந்து பதிப்புக் கட்டுப்பாட்டில் இருப்பதால், குழுவில் உள்ள அனைவரின் கணினியிலும் சர்வரிலும் ஒரே வரிசையில் அதே மாற்றங்கள் நடக்கும். ஆரம்பத்தில் ஜாங்கோவில் இந்த வசதி இல்லை. ஆண்ட்ரூ காட்வின் எழுதிய 'சவுத்' என்ற துணைத் தொகுப்பையே பலரும் நம்பியிருந்தனர். 2013-இல் அவர் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டி உழைத்ததன் பயனாக, 2014 செப்டம்பரில் வந்த 1.7 பதிப்பில் மைக்ரேஷன் ஜாங்கோவின் அங்கமானது. போஸ்ட்கிரெஸில் மைக்ரேஷன் நடுவழியில் தோற்றால் பொதுவாக முழுதும் பின்வாங்கப்பட்டு அட்டவணை பழைய நிலைக்குத் திரும்பும். மைஎஸ்க்யூஎலில் அப்படி ஆகாது. பாதி மாறிய நிலையில் நிற்கும். தரவுத்தளத்தைத் தேர்வதற்கு இது ஒரு வலுவான காரணம்.

தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டிய ஒன்று உண்டு. பயனருக்கான மாடலை, இப்போது தேவை இல்லாவிட்டாலும், முதல் மைக்ரேஷனுக்கு முன்பே சொந்தமாக வரையறுத்துவிட வேண்டும். பயனர் பெயருக்குப் பதில் மின்னஞ்சலாலோ கைபேசி எண்ணாலோ உள்நுழைய வேண்டும் என்ற தேவை பின்னர் வரும்போது, தரவு நிரம்பிய அட்டவணையில் அதை மாற்றுவது மிகக் கடினம்.

பாதுகாப்பு

வலைத் தாக்குதல்களில் பெரும்பாலானவை புதியவை அல்ல. படிவத்தில் எஸ்க்யூஎல் துண்டைத் திணிப்பது, கருத்துப் பெட்டியில் ஜாவாஸ்கிரிப்டை ஒளிப்பது, உள்நுழைந்த பயனரின் உலாவியைக் கொண்டே அவருக்குத் தெரியாமல் கோரிக்கை அனுப்புவது ஆகியவை ஆண்டுக்கணக்கில் அறியப்பட்டவை. ஜாங்கோவில் இவற்றுக்கான தடுப்பு இயல்பிலேயே இயங்குகிறது. ஓஆர்எம் வழியாகப் போகும் மதிப்புகள் கேள்வியின் பகுதியாக ஒட்டப்படாமல் தனியே அனுப்பப்படுகின்றன. பக்கத்தின் வார்ப்புருவான டெம்ப்ளேட்டில் காட்டப்படும் எழுத்துகளில் உள்ள ஆபத்தான குறிகள் தாமாகவே செயலிழக்கச் செய்யப்படுகின்றன. தரவை மாற்றும் ஒவ்வொரு படிவத்திலும் ஒரு ரகசிய அடையாளம் எதிர்பார்க்கப்படுகிறது. அது இல்லாத கோரிக்கை மறுக்கப்படும். தளத்தை வேறொரு தளத்தின் சட்டகத்துக்குள் மறைத்துக் காட்டி ஏமாற்றுவதும் தடுக்கப்படுகிறது.

இவற்றை அணைக்க முடியும். ஆனால் அணைப்பதற்கு நிரலாளர் கைவைக்க வேண்டும். மறதியால் ஓட்டை விழும் அமைப்புக்கும், வேண்டுமென்றே திறந்தால்தான் ஓட்டை விழும் அமைப்புக்கும் உள்ள வேறுபாடு பெரிது. அனுபவம் குறைந்த நிரலாளர்கள் இருக்கும் குழுவுக்கு ஜாங்கோ பரிந்துரைக்கப்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணமாக இருக்க வேண்டும்.

கடவுச்சொல்லும் அப்படியே சேமிக்கப்படுவதில்லை. இயல்பாகப் பயன்படும் முறை பிபிகேடிஎஃப்2. 5.2 பதிப்பில் அது ஒரு கடவுச்சொல்லைப் பத்து லட்சம் முறை சுழற்றிக் கலக்குகிறது. கணினிகளின் வேகம் கூடக்கூட இந்த எண்ணிக்கையும் பதிப்புதோறும் ஏற்றப்படுகிறது. பழைய பயனர் அடுத்த முறை உள்நுழையும்போது அவருடைய கடவுச்சொல் புதிய அளவுக்குத் தானாக மாற்றிச் சேமிக்கப்படும். விரும்பினால் ஆர்கான்2 என்ற முறைக்கு மாறலாம்.

ஆனாலும் சில பொறுப்புகள் கட்டுபவருடையவை. மேம்பாட்டுக்கான 'டீபக்' அமைப்பை இயக்கியபடியே தளத்தைப் பொதுவில் விட்டால், பிழை நேரும்போது நிரலின் உள்ளமைப்பு ஊருக்கே தெரியும். ரகசியச் சாவியை நிரலோடு சேர்த்துப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிடுவதும் அதே அளவு ஆபத்து. வெளியிடும் முன் 'செக்' கட்டளையை 'டிப்ளாய்' தெரிவுடன் ஓட்டினால் விடுபட்டவற்றில் பலவற்றை அது சுட்டிக்காட்டும். ஒருவர் மற்றவரின் பதிவைப் பார்க்க முடியுமா என்பதை மட்டும் எந்த ஃபிரேம்வொர்க்கும் ஊகிக்க முடியாது. முகவரியில் கடன் எண்ணை மாற்றிப் போட்டால் அடுத்தவர் கடன் தெரிகிறதா என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் சோதனை எழுதியாக வேண்டும். அதற்கான சோதனை வசதியும் கூடவே வருகிறது. தனித் தரவுத்தளத்தில் ஓடி, ஒவ்வொரு சோதனையின் முடிவிலும் மாற்றங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்.

தமிழில் இயங்கும் தளத்துக்கு

ஜாங்கோவின் மொழிப் பட்டியலில் தமிழ் உண்டு. செயலியில் வரும் சொற்றொடர்களைக் குறியிட்டு, மொழிபெயர்ப்புக் கோப்பை நிரப்பினால், பயனரின் தெரிவுக்கேற்பத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அதே பக்கம் காட்டப்படும். ஜாங்கோவுடன் வரும் தமிழ் மொழிபெயர்ப்பு முழுமையானது அல்ல. பிழைச் செய்திகள் பல ஆங்கிலத்திலேயே தோன்றும். அவற்றைத் திட்டத்துக்குள்ளேயே நிரப்பிக்கொள்ளலாம். நிரப்பியதை மூலத் திட்டத்துக்கு அனுப்பினால் அடுத்து வருபவர்களுக்கும் பயன்படும்.

தமிழுக்கு மட்டும் உரிய இரண்டு சிக்கல்களை முன்பே அறிந்துகொள்ள வேண்டும். முதலாவது, நீளம். 'தமிழ்' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. ஒருங்குறியில் ஐந்து குறிகள். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியே எண்ணப்படும். பெயர்ப் பெட்டிக்கு ஆங்கிலத்தை மனத்தில் வைத்து 30 என்று வரம்பிட்டால், தலைப்பெழுத்தோடு எழுதப்பட்ட ஒரு நீளமான தமிழ்ப் பெயர் அதில் அடங்காமல் போகலாம். தாராளமாக இடம் விடுவதே நல்லது.

இரண்டாவது, முகவரி. தலைப்பிலிருந்து முகவரித் துண்டை உருவாக்கும் 'ஸ்லக்ஃபை' என்ற செயல்பாடு, ஒருங்குறி எழுத்துகளை அனுமதிக்கச் சொன்னாலும், தமிழின் துணையெழுத்துகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கருதுவதில்லை. பைத்தானின் வழக்கமான எழுத்து வரையறையில் அவை இடம்பெறாததே காரணம். 'தமிழ்' என்று கொடுத்தால் 'தமழ' என்று திரும்பி வரும். தமிழ் முகவரி வேண்டும் தளங்கள் இந்தச் செயல்பாட்டைச் சொந்தமாக எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் புலத்தின் சரிபார்ப்பையும் மாற்ற வேண்டும். இல்லையேல் பதிவு எண்ணையே முகவரியாகக் கொள்ளலாம்.

நேரமும் கவனத்துக்கு உரியது. ஜாங்கோ நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமித்துக் காட்டும்போது மாற்றுகிறது. இந்தியாவும் இலங்கையும் அதற்கு ஐந்தரை மணி முன்னால் உள்ளன. நேர மண்டலத்தைச் சரியாக அமைக்காவிட்டால், நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையே நடந்தவை தினசரி அறிக்கையில் முந்தைய நாள் கணக்கில் விழும். ஜாங்கோவின் அடிநிலை அமைப்பில் நேர மண்டலம் இன்றும் சிகாகோவாகவே உள்ளது. லாரன்ஸ் நகரின் நேரமும் அதுதான். புதிய திட்டத்துக்கான கோப்பு அதை உலகப் பொது நேரமாக மாற்றித் தருகிறது. அதை 'ஏஷியா கொல்கத்தா' அல்லது 'ஏஷியா கொழும்பு' என்று மாற்றுவது முதல் நாள் வேலை.

முன்பக்கம்

ஜாங்கோவின் டெம்ப்ளேட்டுகள் சர்வரிலேயே முழுப் பக்கத்தை உருவாக்கி அனுப்புகின்றன. பட்டியல், படிவம், அறிக்கை ஆகியவற்றால் ஆன தளங்களுக்கு இது போதுமானது. மெதுவான கைபேசி இணைப்பிலும் பக்கம் விரைவில் தோன்றும். பக்கத்தின் ஒரு பகுதி மட்டும் மாற வேண்டிய இடங்களில் எச்டிஎம்எக்ஸ் போன்ற சிறிய நூலகத்தைச் சேர்த்தால், ஜாவாஸ்கிரிப்ட் அதிகம் எழுதாமலே வேலை முடியும். 2025 டிசம்பரில் வந்த 6.0 பதிப்பு, டெம்ப்ளேட்டின் ஒரு துண்டைப் பெயரிட்டுத் தனியே பயன்படுத்தும் வசதியைச் சேர்த்திருப்பது இம்முறைக்கு இன்னும் உதவுகிறது. கைபேசிச் செயலியோ ரியாக்ட் முன்பக்கமோ வேண்டுமென்றால், ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க் என்ற துணைத் தொகுப்பைக் கொண்டு அதே மாடல்களை ஏபிஐயாகத் திறந்துவிடலாம்.

பெரிய அளவிலும் ஜாங்கோ தாங்கும் என்பதற்கு இன்ஸ்டாகிராம் நன்கறியப்பட்ட சான்று. மோசிலாவின் நீட்சிகளுக்கான தளமும், ஓபன் எடெக்ஸ் கல்வித் தளமும் ஜாங்கோவில் எழுதப்பட்டவை. எனினும் இன்ஸ்டாகிராம் அளவுக்கு வளர்ந்த தளம் தன் தேவைக்கேற்ப எத்தனையோ பகுதிகளை மாற்றி எழுதிக்கொள்ளும். அதன் பெயரைச் சொல்லி ஒரு சிறு செயலிக்கு முடிவெடுப்பது சரியல்ல.

ஆட்களைப் பொறுத்தவரை, ஜாங்கோவைக் கற்பதற்கு முன் பைத்தான் தெரிந்தால் போதும். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலே பைத்தானைக் கற்பிப்பதால், புதிதாக வருபவருக்கு மொழி அந்நியமாக இருப்பதில்லை. தரவுப் பகுப்பாய்வு, இயந்திரக் கற்றல் நூலகங்களும் பைத்தானிலேயே மிகுதி என்பதால், அவற்றை அதே செயலிக்குள் அழைப்பதும் எளிது. ஜாங்கோவின் ஆவணங்கள் தெளிவுக்குப் பெயர் பெற்றவை. எந்தப் பாடப் புத்தகத்துக்கும் முன்னால் அவற்றின் பயிற்சிப் பகுதியைப் படிப்பதே சிறந்த வழி.

பொருந்தாத இடங்கள்

இடைவிடாத நேரலை உரையாடல், பலர் ஒரே நேரத்தில் வரையும் பலகை போன்றவற்றுக்கு ஜாங்கோ முதல் தேர்வல்ல. 'சேனல்ஸ்' என்ற துணைத் தொகுப்பால் வெப்சாக்கெட் இணைப்பைக் கையாள முடியும்; ஆனால் ஒரு வேலை முடியக் காத்திராமல் அடுத்ததைக் கவனிக்கும் அசிங்க் முறை ஜாங்கோவில் பின்னர் சேர்ந்தது, இன்னும் முழுமையடையவில்லை. தரவுத்தளப் பரிவர்த்தனைகள் அந்த முறையில் நேரடியாக இயங்குவதில்லை. தரவுத்தளமே தேவைப்படாத, இரண்டு மூன்று முகவரிகள் மட்டும் கொண்ட சேவைக்குப் பைத்தானின் சிறிய ஃபிரேம்வொர்க்குகளான ஃபிளாஸ்க் அல்லது ஃபாஸ்ட்ஏபிஐ இலகுவாக இருக்கும்.

செலவையும் பார்க்க வேண்டும். பகிர்வு ஹோஸ்டிங்கின் மலிவான திட்டங்கள் பெரும்பாலும் பிஎச்பி மொழியை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. ஜாங்கோவுக்குத் தொடர்ந்து ஓடும் பைத்தான் செயல்முறையும் அதை முன்னிருந்து காக்கும் வலைச் சர்வரும் தேவை. சிறிய அளவிலேனும் ஒரு தனி மெய்நிகர் சர்வர் வைத்துக்கொள்வதே வசதி. அதைப் பராமரிக்க ஆள் இல்லாத இடத்தில், பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெல் அறிந்தவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், லாராவெலே தகுந்தது.

எந்தப் பதிப்பு

ஏறத்தாழ எட்டு மாதத்துக்கு ஒரு பதிப்பு வெளிவருகிறது. 4.2, 5.2 என்று .2-இல் முடிபவை நீண்டகால ஆதரவு பெறுபவை. அவற்றுக்கு மூன்று ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். ஒரு வசதியை நீக்குவதென்றால் முன்பதிப்புகளிலேயே எச்சரிக்கை தரப்படும் என்பதால், மேம்படுத்தும்போது திடீரெனச் செயலி உடைவது அரிது. 2025 ஏப்ரலில் வந்த 5.2 பதிப்புக்கு 2028 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. அதற்குப் பைத்தான் 3.10 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். 6.0-க்குப் பைத்தான் 3.12 தேவை. ஆண்டுக்கொருமுறைக்கு மேல் மேம்படுத்த ஆள் இல்லாத குழு, நீண்டகால ஆதரவுள்ள பதிப்பில் தொடங்கி, அடுத்த நீண்டகாலப் பதிப்புக்கு மாறுவதே ஏற்றது.